மூச்சு இழுத்த நாலு நிமிஷம்

கிருஷ்ணகுமாரியை லயத்தில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் குமாரிதான். வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று சின்ன வயசில் ரேடியோ என்றும் சொல்லியிருக்கிறார்கள். போன வருசம் ஆடி மாசத்தில் டாக்டரம்மா என்று புதுப்பெயர் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. அதை வைத்தவர் பக்கத்து வீட்டு ஐயாவு. வைத்தபோது அது வெறும் கேலி. அவர் செத்த பிறகு ஆட்கள் அதே பெயரைச் சொன்ன விதம் வேறு.

யட்டியாந்தோட்டை பஜாரிலிருந்து ஏழு கிலோமீற்றர் மேலே ஏறினால் வரும் றப்பர் தோட்டம் அது. குமாரி பிறந்தது அங்கே. வாழ்க்கைப்பட்டதும் அதே லயத்து வீட்டு வரிசையில், ஆறு காம்பரா தள்ளி. பதினோராம் வகுப்பில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் கணக்கும் இங்கிலீஷும் இரண்டு தடவை அவள் காலை வாரின. மூன்றாம் தடவை எழுதக் காசு கட்டுகிறேன் என்று அப்பா சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள். பஜாரில் த்ரீவீல் ஓட்டுகிற சசியைக் கட்டிக்கொண்டாள். எட்டு வருசம் பால் வெட்டினாள். விடியும் முன்பே மலை ஏறி, மரத்துக்கு மரம் கத்தியால் பட்டையைச் சீவி, சிரட்டையில் வடிகிற பாலை வாளியில் சேர்த்து, பத்து மணிக்கு மேல் ஸ்டோரில் கொண்டுவந்து நிறுக்கிற வேலை. மகன் மதுசன் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அவளுக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தது. வேலைக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. எழுதப் படிக்கத் தெரியும், சிங்களம் தண்ணி மாதிரி வரும் என்று அவளைப் போட்டார்கள். பதினாலு குழந்தைகள். ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் படுத்தால் தூங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஐயாவுவும் அவருடைய சம்சாரம் மல்லிகாவும் அடுத்த காம்பராவில் இருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. மேலே ஒரு முழம் சந்து உண்டு. அந்தச் சந்து வழியாக உப்பு போகும், மிளகாய்த்தூள் வரும், பேச்சும் போகும். குமாரிக்கு அவர் அண்ணன், மல்லிகா அண்ணி. சொந்தத்தால் வந்த முறை இல்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்த முறை. அவர்களுடைய மகள் துஷ்யந்தி கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தாள். அவளுக்கு குமாரி அத்தை.

ஆடி மாசத்தில் பிள்ளைக் காம்பரா ஆட்களுக்கெல்லாம் கேகாலையில் ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். நடத்தியவர் தனுஜா என்ற சிங்களத் தாதி. காலில்லாத ஒரு பிளாஸ்டிக் பொம்மையை மேசையில் போட்டு, இதயம் திடீரென்று நின்றுபோன ஆளுக்கு நெஞ்சை எப்படி அமுக்குவது என்று காட்டினார். சரியான ஆழத்துக்கு அமுக்கினால் பொம்மைக்குள் ‘டிக்’ என்று சத்தம் வரும். வந்திருந்த முப்பது பேரில் பாதிப் பேருக்கு அந்தச் சத்தம் வரவே இல்லை. குமாரி அமுக்கியதும் வந்தது. எட்டு வருசம் பால் வாளி தூக்கிய கை.

“எகாய், தெகாய், துனாய், ஹதராய்,” என்று தனுஜா எண்ண, அவளும் சிங்களத்திலேயே எண்ணி அமுக்கினாள். முப்பது வரைக்கும்.

அன்றைக்கு இரண்டு விஷயம் அவள் மனசில் பதிந்தது. ஒன்று, தனுஜா திறந்து காட்டிய ஒரு சின்னப் பெட்டி. இரண்டு ஒட்டுத் துண்டுகளை நெஞ்சில் ஒட்டினால் பெட்டியே இதயத்தைப் பார்த்து, தேவையென்றால் கரண்ட் கொடுக்கச் சொல்லும். விழுந்ததும் இதயம் ஒரேயடியாக அடங்காது, கொஞ்ச நேரம் உள்ளே நடுங்கிக்கொண்டு இருக்கும், அந்த நேரத்துக்குள் கரண்ட் கொடுத்தால் மறுபடி ஒழுங்காகத் துடிக்க வைக்கலாம் என்றார் தனுஜா. பிந்துகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். நெஞ்சை அமுக்குவது அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டி வைக்கத்தான்.

“மிஸ், இந்தப் பெட்டி எங்க தோட்டத்துக்கு ஒண்ணு கெடைக்குமா?” என்று குமாரி சிங்களத்தில் கேட்டாள். வகுப்பே சிரித்தது. தனுஜா சிரிக்கவில்லை. ஆனால் கிடைக்கும் என்றும் சொல்லவில்லை.

இன்னொன்று, ஒரு சத்தம். இதயம் நின்ற ஆள் சில நேரம் குறட்டை விடுகிற மாதிரி ஒரு சத்தம் போடுவார், அதைக் கேட்டு மூச்சு இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள், அது மூச்சே இல்லை என்றார் தனுஜா. சிங்களத்தில் ‘கொரவனவா’ என்றார். தொண்டையில் அந்தச் சத்தத்தைப் போட்டும் காட்டினார். யாரோ “எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கு,” என்று சொல்ல மறுபடி சிரிப்பு. குமாரி கொப்பியில் எழுதினாள்: கொரவனவா என்றால் குறட்டை. குறட்டை வந்தால் அமுக்கு.

எழுதியது சரிதான். ஆனால் லயத்தில் அந்தச் சத்தத்தை யாரும் குறட்டை என்று சொல்வதில்லை என்பது அப்போது அவளுக்கு யோசனையில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து தலகாணியைப் போட்டு அமுக்கிப் பார்த்தாள். தலகாணி போதவில்லை என்று சசியைப் படுக்கச் சொன்னாள்.

“என் மேல ஏறாத தாயே, நான் இன்னும் சாகல,” என்றான் சசி.

சுவர்ச் சந்து வழியாக ஐயாவுவின் குரல் வந்தது. “டாக்டரம்மா, இங்கயும் ஒரு நோயாளி கெடக்கான். நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு. ஒரு பிளேன்டீ ஊத்தினா நிக்கும்.”

“அண்ணி கையால ஊத்திக் குடிங்கண்ணே. என் மருந்து கசக்கும்.”

“இவரு வாய் எந்த மருந்துக்கும் நிக்காது,” என்றாள் மல்லிகா அந்தப் பக்கம். இரண்டு வீட்டிலும் சிரித்தார்கள்.

அவர் விழுந்தது மாசி மாசம், ஒரு புதன்கிழமை. மணி பத்து ஐம்பது இருக்கும். பால் ஸ்டோரில் நிறுவை நடந்துகொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை றம்ஸான் ஐயா தராசுப் பக்கத்தில் நின்றார். ஐயாவு தன் இரண்டு வாளியையும் இறக்கி வைத்தார். “காலைல தின்ன ரொட்டி நெஞ்சுலயே நிக்குது,” என்று பின்னால் நின்ற மல்லிகாவிடம் சொன்னார். படியில் உட்காரப் போனவர் உட்காராமல் பக்கவாட்டில் சரிந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

மல்லிகாவின் தம்பிக்கு வலிப்பு இருந்தது. சின்ன வயசில் அவன் விழும்போதெல்லாம் கையில் இரும்பைத் திணித்து அடக்கியவள் அவள்தான். சாவிக்கொத்தோ, அரிவாளோ, எது கிடைக்கிறதோ அது. இரும்பு கையில் இருக்கும்போது ஆளைத் தொடக்கூடாது என்பார்கள். அன்றைக்கு அவள் இடுப்பில் பால் வெட்டுகிற கத்தி இருந்தது. ஒரு கணமும் யோசிக்காமல் அதைப் புருசனின் கையில் வைத்து விரல்களை மடக்கிப் பிடித்தாள்.

ஸ்டோருக்குப் பக்கத்துக் கட்டடம்தான் பிள்ளைக் காம்பரா. சத்தம் கேட்டு குமாரி இடுப்பில் ஒரு குழந்தையோடு ஓடி வந்தாள். குழந்தையை இருளாயி கையில் கொடுத்துவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்தாள். இருளாயி அந்த லயத்திலேயே வயசான பால்வெட்டுக்காரி, பிள்ளை எடுக்கவும் பிணம் குளிப்பாட்டவும் முன்னுக்கு நிற்பவள்.

“அண்ணே, அண்ணே,” என்று குமாரி தோளைத் தட்டினாள். பதில் இல்லை. வெட்டி இழுத்தது நின்றிருந்தது. அவள் கை நெஞ்சுக்குப் போனது. மல்லிகா அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டாள்.

“தொடாத குமாரி. இரும்பு குடுத்திருக்கு. அடங்கிரும்.”

“அண்ணி, இது வலிப்பு மாதிரி இல்ல.”

“எனக்குத் தெரியாதா வலிப்பு? மூச்சு இழுக்குது பாரு. கேளு.”

கேட்டது. தொண்டையிலிருந்து நீளமாக ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி ஒரு சத்தம். சுற்றி நின்றவர்களும் சொன்னார்கள்: “ஆமா, மூச்சு இழுக்குது. மூச்சு இழுக்குது.” லயத்தில் அந்தச் சத்தத்துக்கு அதுதான் சொல். வீசிங் வந்த குழந்தைக்கும் மூச்சு இழுக்குது என்பார்கள். சாகக் கிடக்கிற கிழவனுக்கும் மூச்சு இழுக்குது என்பார்கள். மூச்சு என்ற சொல் அதற்குள்ளேயே இருக்கிறது. குமாரி அந்தச் சொல்லைக் கேட்டாள், சத்தத்தைக் கேட்கவில்லை. மூச்சு இருந்தால் அமுக்கக் கூடாது என்று தனுஜா சொல்லியிருந்தார். அது மட்டும் தெளிவாக ஞாபகம் வந்தது.

“மூச்சு இருக்கு,” என்று அவளே சொன்னாள். மல்லிகா பிடித்த கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே இருந்தாள்.

றம்ஸான் ஐயா அந்த நேரத்துக்குள் ஆம்புலன்சுக்குப் போன் அடித்திருந்தார். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்று சிங்களத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போனில் அந்தப் பக்கம் இருந்த பெண், ஆள் மூச்சு விடுகிறாரா என்று கேட்டாள். அவர் கூட்டத்தைப் பார்த்து, “மூச்சு இருக்கா?” என்றார். “இழுக்குது ஐயா,” என்றார்கள். அவர் போனில், “ஹுஸ்ம கன்னவா,” என்றார். மூச்சு விடுகிறார். சொன்னதில் பொய் இல்லை. கேட்டதை மொழிபெயர்த்தார், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்கு ஏதோ சந்தேகம் இருந்திருக்க வேண்டும். போனை ஆள் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னாள். றம்ஸான் ஐயா லவுட் ஸ்பீக்கரைப் போட்டு ஐயாவுவின் தலைமாட்டில் பிடித்தார்.

“கொரவனவா வகேத சத்தே?” என்று போன் கேட்டது. குறட்டை விடுகிற மாதிரியா சத்தம்?

அந்தச் சொல் குமாரிக்குத் தெரியும். மேசையில் கிடந்த பொம்மையும், தொண்டையில் சத்தம் போட்டுக் காட்டிய தனுஜாவும், சிரித்த வகுப்பும் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்தன. இவ்வளவு நேரமும் அதே சத்தம்தான். கையை உதறி எடுத்தாள். மல்லிகா பின்னால் போய் விழுந்தாள். கத்தியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சட்டையைப் பிய்த்து, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அமுக்கத் தொடங்கினாள். றம்ஸான் ஐயா போனைத் தரையில் வைத்தார். ஆம்புலன்சுக்கு எடுத்ததிலிருந்து அதில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். நாலு நிமிஷம் பத்து செக்கன்.

“எகாய், தெகாய், துனாய்.”

இரண்டாவது முப்பதில் கைக்குக் கீழே ஏதோ நொறுங்கியது. பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. எலும்பு உடையலாம், நிறுத்தாதீர்கள் என்று தனுஜா சொல்லியிருந்தார். அவள் நிறுத்தவில்லை. “கொல்றாடி,” என்று யாரோ சொன்னார்கள். “என்னா மந்திரம் சொல்றா?” என்று இன்னொருத்தி கேட்டாள். யாராவது கை மாற்றுங்கள் என்று குமாரி கெஞ்சினாள். றம்ஸான் ஐயா மட்டும் குனிந்தார். ரொட்டி மாவு பிசைகிற மாதிரி மெதுவாக அமுக்கினார். அவள் மூன்று மூச்சு வாங்கிக்கொண்டு அவரைத் தள்ளிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் எவ்வளவு வேகமாக வர முடியுமோ அவ்வளவு வேகமாக வந்தது. அதற்கே இருபத்தாறு நிமிஷம் பிடித்தது. அதில் வந்தவர்கள் பெட்டியை இறக்கினார்கள். கேகாலையில் பார்த்த மாதிரியேதான் இருந்தது. ஒட்டுத் துண்டுகளை ஒட்டினார்கள். பெட்டி இங்கிலீஷில் பேசியது. இரண்டு தடவை இங்கிலீஷில் தவறிய குமாரிக்கு அதில் ‘நோ’ என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது. கரண்ட் கொடுக்கிற மாதிரியான துடிப்பு எதுவும் உள்ளே மிச்சம் இல்லை என்று அதற்கு அர்த்தம். அவர்கள் தொடர்ந்து அமுக்கிக்கொண்டே ஐயாவுவை ஏற்றினார்கள். ஏறும் முன் அவர்களில் ஒரு வெள்ளைச் சட்டைப் பையன் திரும்பி, “அக்கா ஹொந்தட்ட கெருவா,” என்றான். நல்லா செய்தீங்க. குமாரி தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் வைத்து அவர் இறந்துவிட்டதாக எழுதினார்கள்.

பிரேத பரிசோதனைக் காகிதத்தில் இதயத்துக்குப் போகிற இரத்தக்குழாய் அடைத்திருந்தது என்று இருந்தது. கீழே இன்னொரு வரி, இடது பக்க விலா எலும்பு மூன்று உடைந்திருந்தது என்று. கொழும்பிலிருந்து வந்த துஷ்யந்திதான் அதை வாசித்தாள். முதல் வரியை லயத்தில் யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வரி அன்றைக்கே எல்லாக் காம்பராவுக்கும் போய்விட்டது.

“மூச்சு இருந்த மனுசன். மேல ஏறி ஒக்காந்து அமுக்கி எலும்ப ஒடச்சு அனுப்பிட்டா,” என்றாள் இருளாயி தண்ணிப் பைப்படியில். “நாம எல்லாரும் கண்ணால பாத்தோம். காதால கேட்டோம்.”

“டாக்டரம்மாவாச்சே,” என்றது ஒரு குரல்.

பிள்ளைக் காம்பராவில் பதினாலு குழந்தை ஒன்பதாயிற்று. பிறகு ஆறு. தோட்ட ஆபீசில் கூப்பிட்டு, இப்படியே போனால் இன்னொரு ஆளைப் போட வேண்டி வரும் என்றார்கள். மதுசன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் கேட்டான். “அம்மா, மாமாவோட நெஞ்ச நீங்களா ஒடச்சீங்க?”

“ஆமா,” என்றாள் குமாரி. “வேற வழி இல்லாம ஒடஞ்சிச்சு.”

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

சுவர்ச் சந்து வழியாக ஒரு சத்தமும் வருவதில்லை இப்போது. மல்லிகா அழுதால்கூட வாயைப் பொத்திக்கொண்டு அழுவது மாதிரி இருந்தது. அவள் குமாரியைத் திட்டவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

சசிக்குப் பொறுக்கவில்லை. “ஒங் கைய யாரு புடிச்சதுன்னு றம்ஸான் ஐயாவுக்குத் தெரியும். அங்க நின்ன எல்லாருக்கும் தெரியும். வலிப்புன்னு சொல்லி இரும்ப குடுத்து ஒன்ன தொட விடாம வச்சது யாரு? சொல்லு. நீ சொல்லலேன்னா நான் போய்ச் சொல்றேன்.”

“மெதுவா பேசுங்க. சுவர் இருக்கு.”

“இருக்கட்டும். கேக்கட்டும்.”

“சொல்லி?” என்றாள் குமாரி. “புருசனக் கொன்னது ஒன் கைதான்னு அண்ணிகிட்ட சொல்லணுமா? அது இனி எப்படித் தூங்கும்? எப்படிச் சோறு திங்கும்?”

“நீ தின்னுறியா? நீ தூங்குறியா?”

சசி சொன்னது பாதிதான் உண்மை என்று அவளுக்குத் தெரியும். மல்லிகா பிடித்தது ஒரு கையைத்தான். எட்டு வருசம் வாளி தூக்கிய ஆளுக்கு அந்தப் பிடியை உதறுவது பெரிய காரியம் இல்லை. அவள் உதறவில்லை, ஏனென்றால் அவளும் நம்பினாள். ஊர் அவளை அமுக்கியதற்காகத் திட்டியது. அவள் தன்னைத் திட்டிக்கொண்டது அமுக்காமல் இருந்ததற்காக. இதை எந்த வழியில் எடுத்துச் சொன்னாலும் மல்லிகாவின் கை அதற்குள் வந்துவிடும். அதனால்தான் ரேடியோ என்று பெயர் வாங்கியவள் இரண்டு கிழமை வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. குமாரி கூப்பிடாமலே போய் மரக்கறி வெட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள். “நீ வை. நாங்க பாத்துக்கிறோம்,” என்று அவள் முன்னாலிருந்த பூசணிக்காயை இழுத்துக்கொண்டார்கள். அவள் எழுந்து போகவில்லை. மல்லிகா சுவரோரமாகப் படுத்திருந்தாள். துஷ்யந்தி வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு எங்கெங்கோ சுற்றி அங்கேயே வந்தது. இருளாயி சொன்னாள், “ஒரு பாடம் படிச்சாச்சு. இனி நம்ம லயத்துல யாரு விழுந்தாலும் சரி, மூச்சு இழுக்குற வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது. அப்பிடியே வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்.”

“அது சரி,” என்றார்கள் நாலைந்து பேர். அவர்களில் ஒருத்தியின் புருசனுக்கு ஏற்கனவே ஒரு தடவை மாரடைப்பு வந்திருந்தது. அவளும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகு குமாரியால் இருக்க முடியவில்லை.

“அது சரியில்ல,” என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“அந்தச் சத்தம் மூச்சு இல்ல. நாமதான் அதுக்கு மூச்சு இழுக்குதுன்னு பேரு வச்சிருக்கோம். இதயம் நின்னுட்ட பொறகு வர்ற சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்டா ஒடனே அமுக்கணும். அண்ணன் நான் அமுக்கினதால சாகல. நான் அமுக்காம நின்னதாலதான்.” குமாரி நிறுத்தவில்லை. “நாலு நிமிஷம் பத்து செக்கன் நான் பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்குச் சொல்லிக் குடுத்திருந்தாங்க. இருந்தும் நான் நின்னுட்டேன்.”

துஷ்யந்தி தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தாள்.

“ஏன் நின்னீங்க அத்தை?”

“மூச்சு இருக்குன்னு நெனச்சிட்டேன்.”

“படிச்சிட்டு வந்தவங்கதானே நீங்க? மத்தவங்களுக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்தானே? அங்க முட்டி போட்டு ஒக்காந்தவங்க ஏன் கைய வைக்கல?”

குமாரி மல்லிகா இருந்த பக்கம் பார்க்கக்கூடாது என்று தரையையே பார்த்தாள். “பயந்துட்டேன்,” என்றாள். அது பொய்.

“அவ பயப்படல,” என்றாள் மல்லிகா. அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். “கைய வச்சா. நான்தான் புடிச்சுக்கிட்டேன்.”

“அண்ணி, சும்மா இருங்க. துஷ்யந்தி, அம்மா தெரியாம பேசுது.”

“தெரிஞ்சுதான் பேசுறேன். தம்பிக்கு வந்த வலிப்புன்னு நெனச்சேன். கையில கத்திய குடுத்துட்டு இவ கைய புடிச்சுக்கிட்டேன். அந்தப் போன் பேசுற வரைக்கும் விடல.” அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. “நாலு நிமிஷம்னு இப்பதான் தெரியும். ரொம்ப நேரம் மாதிரி இருந்திச்சு.”

இருளாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பூசணிக்காயை வெட்டத் தொடங்கினாள். துஷ்யந்தி அம்மாவைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வெளியே போய்விட்டாள். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போனாள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு குழந்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பதினாலும் வந்துவிட்டன. இருளாயி தன் பேத்தியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, “இந்தா, இவ எடது பக்கம் படுத்தாத்தான் தூங்குவா,” என்று குமாரிக்கே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதுதான் அவள் கேட்ட மன்னிப்பு. மாரடைப்பு வந்தவனுடைய மனைவி ஒருநாள் பின்னேரம் வந்து, எங்கே கை வைப்பது என்று மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். குமாரியின் பெயர் சுத்தமாகிவிட்டது. அவளுக்கு அதில் ஒரு சந்தோசமும் வரவில்லை.

ஏனென்றால் பக்கத்து வீட்டில் அடுப்பு சில நாள் எரிந்தது, சில நாள் எரியவில்லை. துஷ்யந்தி அம்மாவுக்குப் போன் எடுப்பதை நிறுத்தியிருந்தாள். மல்லிகா கூப்பிட்டால் மணி அடித்து அடித்து நின்றது. குமாரி சோறு கொண்டுபோய் வைத்தால், பிறகு தின்கிறேன் என்பாள். மறுநாள் அந்தத் தட்டு மூடியபடியே இருக்கும்.

வைகாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மல்லிகா தானாகவே குமாரி வீட்டுக்கு வந்தாள். கருமாதிக்குப் பிறகு அந்த வாசலில் அவள் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

“ஒன் போன்லருந்து கூப்பிட்டா அவ பேசுவா,” என்றாள். “எடுத்துச் சொல்லு குமாரி. அந்த நாலு நிமிஷத்துல ஒண்ணும் இல்ல, எப்பிடியும் அவரு போயிருப்பாருன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவா. நீ படிச்சவ.”

குமாரிக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. அது உண்மையில்லை. ஆனால் மூன்று மாசமாக இராத்திரியும் பகலுமாக அதையே நினைத்ததில் அவளுக்கு இன்னொன்றும் விளங்கியிருந்தது. அதை நேராகச் சொல்லலாம் என்று போனை எடுத்தாள். மல்லிகா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அத்தை,” என்றாள் துஷ்யந்தி.

“நல்லா இருக்கியா? ஒண்ணு சொல்லணும். குறுக்க பேசாம கேளு. அப்பா விழுந்த ஒடனே நான் அமுக்கியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா அமுக்குறது மட்டும் போதாது. அந்த நேரத்துக்குள்ள கரண்ட் குடுக்கிற பெட்டியும் வரணும். அது நமக்கு இருபத்தாறு நிமிஷம் தள்ளி இருந்திச்சு. ஒங்க கொழும்புல அப்பா விழுந்திருந்தா ஒருவேளை அஞ்சு நிமிஷத்துல வந்திருக்கும். அம்மா கைய புடிக்காட்டியும் அந்த இருபத்தாறு நிமிஷம் அப்பிடியேதான் இருந்திருக்கும்.”

போனில் கடைச் சத்தம் கேட்டது. யாரோ விலை கேட்டார்கள்.

“அன்னைக்கு எல்லாரு முன்னாலயும், அமுக்காம நின்னதாலதான் அப்பா செத்தாருன்னு சொன்னீங்க. அப்ப அது பொய்யா?”

“இல்ல.”

“இது பொய்யா?”

“இதுவும் இல்ல. ரெண்டும்தான். எது எவ்வளவுன்னு எனக்குத் தெரியல துஷ்யந்தி. யாராலயும் சொல்ல ஏலாது.”

மல்லிகா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது இது இல்லை. ஆனாலும் எழுந்து போகவில்லை.

“நான் அங்க இருந்திருந்தா,” என்றாள் துஷ்யந்தி. “எனக்கும் வலிப்புன்னுதான் தோணியிருக்கும் அத்தை. வலிப்பு வந்து மாமா விழும்போது நானும் ஓடிப்போய்ச் சாவிக்கொத்து எடுத்துக் குடுத்திருக்கேன். அது எனக்குத் தெரியுது. இருந்தும் அம்மா குரலக் கேட்டா அந்தக் கைதான் ஞாபகம் வருது. நான் என்னா செய்ய?”

குமாரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மல்லிகாவைப் பார்த்தாள்.

துஷ்யந்தியே கேட்டாள், “அம்மா பக்கத்துல இருக்காங்களா?”

“இருக்காங்க. குடுக்கவா?”

“வேணாம். இன்னைக்கு வேணாம்.” பிறகு, “சாப்பிட்டாங்களான்னு கேளுங்க.”

குமாரி போனைக் கையால் மூடிக்கொண்டு, “சாப்பிட்டீங்களான்னு கேக்குறா அண்ணி,” என்றாள்.

மல்லிகா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குக் காலையிலிருந்து அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

“சாப்பிட்டேன்னு சொல்லு,” என்றாள்.

“சாப்பிட்டாங்களாம்,” என்றாள் குமாரி போனில்.